பின்னலை வெல்டு செய்யாமல் விற்ற ஹோஸ்: உயர் அழுத்த வேலைக்கு வாங்குபவர்கள் கவனிக்கவும்

25 பார் அழுத்தத் தண்ணீர் லைனுக்காக, 2 அங்குல நெளிவு ஸ்டீல் ஹோஸ் ஒன்றை வெளியே இரண்டு அடுக்கு ஸ்டீல் கம்பிப் பின்னலுடன் ஆர்டர் செய்தேன். ரசீதிலும் அப்படியே எழுதித் தந்தார்கள். மாட்டியதும் வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்கான 37.5 பார் வரை ஏற்றிச் சோதிக்க நினைத்தேன். 30 பாரைத் தொடும்போதே காலர் (பின்னலின் நுனியைப் பிடிக்கும் வளையம்) பக்கம் பின்னல் உருவிக்கொண்டு வந்தது. உள்குழாய் பாம்பு மாதிரி நெளிந்து நீண்டு கிழிந்துவிட்டது. நல்லவேளை, காற்றில் சோதிக்காமல் தண்ணீரில் சோதித்தேன். காற்றாக இருந்திருந்தால் பக்கத்தில் நின்றவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

கிரைண்டரில் காலரை அறுத்துப் பார்த்தேன். பின்னல் ஓர் அடுக்குதான். அதைக்கூட வெல்டு செய்யவில்லை, காலரை அழுத்திப் பிடிக்க வைத்ததோடு சரி. நெளிகுழாய் கசியாமல் காக்கும், அவ்வளவுதான். அழுத்தம் ஏறும்போது அது நீளப் பார்க்கும், அந்த இழுவையைத் தாங்குவது பின்னல். இந்த அளவுக் குழாயில் 25 பாருக்கே சுமார் 700 கிலோ இழுவை வரும். குழாய், பின்னல், காலர், ஃபிட்டிங் எல்லாம் சேர்த்து வெல்டு ஆகியிருந்தால்தான் அது தாங்கும்.

விற்றவரிடம் கேட்டால், "நீங்கள் முறுக்கி மாட்டியிருப்பீர்கள்" என்றார். முறுக்கினால் ஹோஸ் கெடும், உண்மைதான். ஆனால் அறுத்த காலருக்குள் வெல்டே இல்லையே! அப்புறம், "இரண்டு அடுக்கு போட்டால் இரண்டு மடங்கு தாங்கும்" என்று ஆரம்பத்தில் சொன்னதும் தப்பு. இரண்டு அடுக்கும் சுமையைச் சமமாகப் பகிர்வதில்லை, அதனால் சுமார் 1.6 மடங்குதான் கிடைக்கும். சூடான லைனில் அதையும் குறைத்துத்தான் கணக்கிட வேண்டும்.

இனி வாங்குபவர்கள், வெடிக்கும் அழுத்தம் வேலை அழுத்தத்தைப் போல 4 மடங்காவது இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். நெளிவு உலோக ஹோஸ்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 10380 சொல்வதும் அதுதான். உங்கள் ஹோஸையே சோதித்த சான்று கொடுக்கச் சொல்லுங்கள். வெல்டிங் முழு வட்டமாக ஓடியிருக்கிறதா, பின்னல் குழாயை ஒட்டி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். பின்னல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று காந்தம் வைத்து முடிவு செய்யாதீர்கள். இழுத்துச் செய்த 304 ரக ஸ்டெயின்லெஸ் கம்பியும் லேசாக ஒட்டும்.

பணம் இன்னும் திரும்பி வரவில்லை. அறுத்த துண்டு, படங்கள், ரசீது எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன். புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன்.