நேர்கோட்டுக் கதையா, நான்-லீனியரா? என் ஓட்டு நேர்கோட்டுக்கு

ஒரு அரை மணி நேரப் படத்துக்கு ஸ்கிரிப்ட் எழுதுறப்போ கதைய நடந்த வரிசையிலயே சொல்ற நேர்கோடா, முன்ன பின்ன கலைச்சு சொல்ற நான்-லீனியரான்னு ரொம்ப நாள் இழுத்துட்டு கடைசில நேர்கோட்டுலயே எழுதினேன், அதனால சாஞ்சுதான் பேசுவேன்.

நேர்கோடு போர், நான்-லீனியர் கெத்துங்குறதெல்லாம் விடுங்க. கண்டின்யூட்டி (டிரஸ், பொருளெல்லாம் சீனுக்கு சீன் பொருந்துற மாதிரி பாத்துக்குறது) கஷ்டம்ங்குறதும் ரெண்டுக்கும் பொதுதான், ஷூட்டிங் என்னைக்கு வரிசையா நடந்துச்சு? திரைக்கதை எழுதுறதப் பத்தி புத்தகம் போட்ட சிட் ஃபீல்ட் 1979-ல சொன்ன மூணு ஆக்ட் கணக்கும் (கதைய கால், பாதி, கால்னு மூணு பாகமா பிரிக்கிறது) அப்படித்தான், கலைச்சுப் போட்டாலும் கதைக்கு அது வேணும். அவர் சொல்ற மிட்பாயிண்ட், அதாவது கதையோட நடுப்புள்ளி, கிட்டத்தட்ட நம்ம இன்டர்வல் வர்ற இடம்.

எனக்கு முடிவு பண்ணிக் குடுத்தது ரீரைட்டிங். என் கதைல அக்கா அப்பாவோட கையெழுத்த தானே போட்டுடுவா, அப்புறம் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல அப்பா பேனா எடுக்குறப்போ நமக்கு பதறும். லொகேஷன் கைவிட்டுப் போய் கையெழுத்து சீன வீட்டுலருந்து டீக்கடைக்கு மாத்தினேன், முன்னாடி ஒரு சீன், பின்னாடி ஒரு சீன்ல கை வெச்சதோட வேலை முடிஞ்சுது. இதையே ஆபீஸ முதல்ல காட்டி கையெழுத்த கடைசில வெச்சிருந்தா, நடுவுல வர்ற ஒவ்வொரு சீனும் அத மறைக்கவும் கொஞ்சம் கோடி காட்டவும்னு எழுதினதா இருக்கும், ஒண்ணத் தொட்டா ஆடியன்ஸுக்கு இப்ப என்ன தெரியும் என்ன தெரியாதுன்னு மறுபடி முதல்லருந்து கணக்குப் போடணும். எடிட்லயும் அதே கதைதான், ஒரு சீன் சொதப்புனா நேர்கோட்டுல தூக்கிடலாம், நான்-லீனியர்ல அது உருவுனா மொத்தமும் சரியுற செங்கல்.

அதுக்காக நான்-லீனியர் வேஸ்ட்னு இல்ல. 'அந்த நாள்' படம் 1954-லயே ஒரு கொலைய ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்ல வெச்சுது, யாரு சொல்றத நம்புறதுங்குறதே அங்க கதை, வரிசையா சொன்னா படமே இல்ல. நோலனோட 'மெமென்ட்டோ' படத்துல கலர் சீனெல்லாம் பின்னோக்கிப் போறதால ஞாபகம் நிக்காதவன் மாதிரியே நாமளும் முழிக்கிறோம். உங்க கதைக்கு அப்படி ஒரு காரணம் இருந்தா தாராளமா போங்க, ட்விஸ்ட்டுக்காக மட்டும்னா யோசிங்க.

வெப் சீரிஸ் நான் எழுதினதில்ல. எபிசோடுக்கு எபிசோடு ஆள இழுத்துப் பிடிக்கணும்ங்குறதால அங்க என் கணக்கு மாறலாம்.