நெல் குடோனில் பேலட், ஹேண்ட் பேலட் டிரக், மூட்டை கன்வேயர்: பல வருசம் புழங்கிய அனுபவம்

எங்கள் குடோன் மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் இடையில் இருக்கிறது. நெல், அரிசி, தவிடு மூன்றும் வரும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கூரைத் தகட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டது. கூரை மாற்றுகிற செலவோடு செலவாகத் தரையையும் உடைத்துப் புதிதாகப் போட்டோம், அப்புறம் மூட்டை அடுக்கும் தட்டு மேடையான பிளாஸ்டிக் பேலட், ஃபோர்க் என்கிற இரண்டு கரத்தை பேலட்டுக்குள் விட்டு, கைப்பிடியைப் பம்ப் அடித்துத் தூக்கி இழுக்கும் ஹேண்ட் பேலட் டிரக், ஓடும் பெல்ட்டில் மூட்டை ஏற்றும் கன்வேயர் என்று ஒவ்வொன்றாக வாங்கினோம். அதிலிருந்து குறுவை, சம்பா, தாளடி எல்லாம் இவற்றோடுதான் ஓடுகிறது. எதை வாங்கலாம் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். என் பதில், முதலில் தரையைப் பாருங்கள், அடுத்து லோடுமேன் தோளைப் பாருங்கள், மெஷின் கேட்லாக்கை அதற்குப் பிறகு புரட்டலாம்.

நம் பக்கத்துக் களிமண் மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அதன் மேல் அவசரமாகப் போட்ட சிமென்ட் தரை சீக்கிரமே விரிசல் விடும். மூட்டையைத் தோளில் தூக்கிப் போகிறவருக்கு அந்த விரிசல் பெரிதாகத் தெரியாது, ஆனால் பேலட் டிரக்கின் முன்பக்க ரோலர் சின்னது, அரை அங்குலப் பள்ளத்திலேயே சிக்கிக்கொள்ளும். ஒரு டன் சரக்கோடு வண்டி சட்டென்று நின்றால் மேல் மூட்டைகள் முன்னால் சரியும், இழுப்பவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். கிராவல் கொட்டி நன்றாக இறுக்கி, கம்பி கட்டி, காங்கிரீட் போடுங்கள். மெஷினுக்கு வைத்திருக்கும் பணம் இதில் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

முன்பு அட்டிக்கு, அதாவது மூட்டை அடுக்குக்கு, அடியில் சவுக்குக் கட்டைதான் போடுவோம். கரையான் அரிக்கும், ஆணி நீட்டிக்கொண்டு சாக்கைக் கிழிக்கும். பிளாஸ்டிக் பேலட் வந்த பிறகு அந்தத் தொல்லை போனது, ஐப்பசி கார்த்திகையில் தரை ஈரம் ஏறி அடி மூட்டை பூசணம் பிடிப்பதும் நன்றாகவே குறைந்தது. நெல் 14 சதவீத ஈரப்பதத்துக்குக் கீழே காய்ந்திருந்தால்தான் இதனால் பலன், ஈர நெல்லை எதன் மேல் வைத்தாலும் சூடேறத்தான் செய்யும். பேலட் வாங்கும்போது அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பலகை ஓடுகிற பேலட் ஹேண்ட் பேலட் டிரக்குக்கு ஆகாது. டிரக்கின் ரோலர் தரையைத் தொட அடியில் திறப்பு வேண்டும், இல்லாவிட்டால் பம்ப் அடிக்க அடிக்க அடிப்பலகைதான் உடையும். அப்புறம், நிற்கும்போது தாங்கும் எடை வேறு, நகரும்போது தாங்கும் எடை வேறு. கடைக்காரர் முதலில் சொல்வது நிற்கும்போது தாங்கும் பெரிய எண்ணைத்தான், நீங்கள் நகரும்போது எவ்வளவு என்று கேளுங்கள். நாங்கள் 1200க்கு 1000 மி.மீ. பேலட்டில் ஒரு டன்னோடு நிறுத்திக்கொள்கிறோம், 25 கிலோ அரிசிச் சிப்பம் என்றால் 40.

பேலட் டிரக் 2.5 டன் தாங்கக்கூடியது. முதலில் வந்த நைலான் சக்கரம் தரையைக் கீறியது, சத்தமும் அதிகம். பாலியூரிதேன் சக்கரத்துக்கு மாறிய பிறகு இழுப்பதே வேறு மாதிரி இருக்கிறது. தவிட்டுத் தூள் அச்சில் போய் அடைத்துக்கொள்ளும், வாரம் ஒரு தடவை துடைத்து கிரீஸ் வைத்தால் போதும். ஃபோர்க் பாதி ஏறி மெல்ல இறங்கினால் ஆயில் சீல் போய்விட்டது என்று அர்த்தம். சின்னச் செலவுதான், தள்ளிப் போடாதீர்கள்.

எல்லாவற்றையும் விட எனக்கு மனத்திருப்தி தந்தது கன்வேயர். அரசு கொள்முதல் நிலைய மூட்டை 40 கிலோ, தனியார் வியாபாரிகள் மூட்டை 60 கிலோவுக்குக் குறையாது. அதைத் தோளில் வைத்துச் சாய்வுப் பலகையில் ஏறி லாரிக்கு மேல் போவது, அதுவும் சித்திரை வெயிலில் தகட்டுக் கூரைக்கு அடியில், எவ்வளவு கொடுமை என்று பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தனி ஆள் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் சீக்கிரம் குறைக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. நம் ஊரில் இன்னும் நாற்பது வயதிலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

கன்வேயர் இறங்கிய அன்று மேஸ்திரி கேட்ட முதல் கேள்வி, "தம்பி, மெசின் வந்தா எங்க கூலி என்ன ஆகும், அத மொதல்ல சொல்லுங்க." நியாயமான கேள்வி. "அண்ணே, மூட்டைக்கு உள்ள ரேட் அப்படியே இருக்கும்" என்று சொன்னோம், இன்றுவரை அப்படியேதான் கொடுக்கிறோம். லாரி சீக்கிரம் திரும்புவதால் எங்களுக்கும் நட்டம் இல்லை. கூலியைக் குறைத்துக்கொண்டு மெஷின் வாங்குவது சரியில்லை, அப்படிச் செய்தால் அந்த மெஷினை யாரும் மனசோடு தொட மாட்டார்கள்.

கன்வேயரில் ஆபத்தான இடம் பெல்ட் டிரம்முக்குள் நுழைகிற அடிமுனை. அங்கே கம்பி வலைக் கவசம் இல்லாமல் வந்தால் டெலிவரியே எடுக்காதீர்கள். தோளில் தொங்கும் துண்டு ஒரு நொடியில் உள்ளே போய்விடும், அதனால் எங்களிடம் துண்டை முண்டாசாகக் கட்டினால்தான் வேலை. நிறுத்தும் சிவப்பு பட்டன் இரண்டு முனையிலும் வேண்டும், மேலே நிற்பவருக்கும் கை எட்ட வேண்டும். ஈரக்காலோடு நடக்கிற இடம் என்பதால் எர்த்தும், கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் பிரேக்கரும் கட்டாயம்.

அட்டி போடுவதில் ஒன்று. சணல் சாக்கு ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், பிளாஸ்டிக் சாக்கு வழுக்கும். பழைய உயரத்துக்கே பிளாஸ்டிக் சாக்கை ஏற்றினால் ஒருநாள் சரியும். வரிசை மாற்றிக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, சில வரிசை குறைத்து நிறுத்துங்கள். கன்வேயர் எட்டுகிறது என்பதற்காக ஏற்றிக்கொண்டே போகக் கூடாது. சரக்கு எடுக்கும்போது அடியிலிருந்து உருவவே கூடாது, படிக்கட்டு மாதிரி மேலிருந்து இறக்கி வர வேண்டும். சுவரிலிருந்து இரண்டரை அடி விட்டால் ஆள் போய் எலி வளை, ஒழுகல் எல்லாம் பார்க்கலாம்.

கடைசியாகப் புகைமூட்டம், அதாவது அட்டியை மூடி விஷ வாயு விட்டுப் பூச்சியைக் கொல்வது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை 3 கிராம் எடை, அதிலிருந்து ஒரு கிராம் பாஸ்பீன் வாயு வரும். பூச்சிக்கு எமன், மனிதனுக்கும் அதேதான். அனுமதி பெற்றவர்களை வைத்துத்தான் செய்ய வேண்டும். அந்த வாயு செம்பை அரிக்கும் என்று பலருக்குத் தெரியாது. கன்வேயர் மோட்டார், சுவிட்ச் பெட்டி எல்லாவற்றுக்குள்ளும் செம்புக் கம்பிதான். அதனால் மெஷினை வெளியே தள்ளி, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் அட்டியை மூடி ஓரத்தில் மணல் பை வைப்போம். ஏழு நாள் கழித்து, கதவெல்லாம் திறந்து காற்றாட விட்டு, வாயு அளக்கும் கருவியில் அந்த அனுமதி பெற்றவர்கள் பார்த்துச் சொன்ன பிறகுதான் லோடுமேன்களை உள்ளே கூப்பிடுகிறோம்.