லாங் பஜார்ல வாங்கின பித்தளை காபி ஃபில்டர்: வாங்கலாமா வேணாமா?

முதல்லயே சொல்லிடறேன், ஃபில்டர் நல்லா இருக்கு, அஞ்சுக்கு நாலு குடுப்பேன். ஆனா பித்தளைல போட்டா காபி தானா நல்லா வந்துடும்னு நெனச்சு வாங்கறவங்களுக்காகத்தான் இத எழுதறேன். இப்ப எல்லா வீட்லயும் இந்த ஆசை வந்துடுச்சு, பித்தளை ஃபில்டர், பித்தளை டபரா செட்டுன்னு. எனக்கும் அதே ஆசைதான், அதுல தப்பே இல்ல. ஆனா காபி நல்லா இருக்கறதுல பாத்திரத்துக்கு கால் பங்குதான், மீதி முக்கால் பங்கு கொட்டைய வறுக்கறதுலயும் அரைக்கறதுலயும் இருக்கு, அத சொல்லாம ஃபில்டர மட்டும் புகழ்ந்தா சரியா இருக்காது.

வேலூர் லாங் பஜார் பக்கம் ஒரு பழைய பாத்திரக் கடைல வாங்கினேன். பித்தளைக்கு கம்பெனி பேரெல்லாம் கெடையாது, தராசுல வெச்சு எடை போட்டு, அதுக்கு மேல செய்கூலின்னு கொஞ்சம் சேத்து சொல்வாங்க. ரெண்டு மூணு பேருக்கு டிகாஷன் எறங்கற சைஸ், உள்பக்கம் ஈயம் (வெள்ளீயம், இங்கிலீஷ்ல டின்) பூசற கூலியோட சேத்து ரெண்டாயிரத்துக்குள்ள முடிஞ்சுது. தகடு நல்ல கனம். மேல் கப்பு, அடி கப்பு, பொடிய அமுக்கற குடை, மூடி எல்லாம் சரியா பொருந்துது. அதே கடைல மெல்லிசு தகட்டுல பளபளன்னு ஒண்ணு கம்மி விலைக்கு இருந்துச்சு, கைல எடுத்தாலே தெரிஞ்சுது, ஒருதரம் கீழ விழுந்தா நெளிஞ்சுடும்.

ஈயம் பூசாத பித்தளைல டிகாஷன் எறக்காதீங்க. காபில புளிப்பு இருக்கு, அது பித்தளைய அரிக்கும், களிம்பு ஏறும். கடைக்காரரே ஒரு ஆள்கிட்ட அனுப்பி வெச்சார், நானும் கூடவே போய் நின்னு பாத்தேன். சின்ன வயசுல தெருவுல "ஈயம் பூசறதேய்"னு கூவிகினு வருவாங்களே, துருத்தியும் கரி மூட்டையுமா வந்து வேப்பமரத்தடில குழி தோண்டி உக்காருவாங்க, நாங்க சுத்தி நிப்போம், அந்த வேலைய இவ்ளோ வருஷம் கழிச்சு கிட்டக்க பாத்தது அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு. கப்ப கரி நெருப்புல திருப்பித் திருப்பி காட்டிகினே இருந்தார், நல்லா சூடேறினதும் நவாச்சாரப் பொடிய (அமோனியம் குளோரைடு உப்பு) ஒரு சிட்டிகை உள்ள போட்டார், குப்புன்னு வெள்ளப் புகை, மூக்கு எரியும், அந்தப் புகை அடங்கறதுக்குள்ள வெள்ளீயக் குச்சிய ஒரு ஓரத்துல தொட்டார், அது உருகி துளியா நின்னுச்சு, உடனே பஞ்ச எடுத்து ஒரே சுத்து, உள்பக்கம் மொத்தமும் வெள்ளி மாதிரி ஆயிடுச்சு. மஞ்சளா இருந்த பாத்திரம் நாம பாத்துகினு இருக்க சொல்லவே மாறிடுது. கேக்க வேண்டியத கேட்டுக்கங்க, சுத்தமான வெள்ளீயமா இருக்கணும், காரீயம் (லெட்) கலந்த சரக்கு வேணவே வேணாம், அது உடம்புக்கு விஷம்.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம். வெள்ளீயம் 232 டிகிரிலயே உருகிடும். எவர்சில்வர் ஃபில்டர்ல ஓட்டை அடைச்சுகினா நம்ம வீடுங்கள்ல மேல் கப்ப இடுக்கில புடிச்சு கேஸ் அடுப்புல காட்டுவாங்க இல்ல, அடைச்ச தூள் எரிஞ்சு ஓட்டை தொறந்துக்கும், அத இதுல பண்ணிடாதீங்க, ஈயம் வழிஞ்சு ஓட்டைய நிரந்தரமா அடைச்சுடும். சுடுதண்ணில ஊற வெச்சு பழைய டூத் பிரஷ்ல தேச்சா போதும். உள்ள கம்பி நார் போடக் கூடாது, வெளிய மட்டும் புளி போட்டு தேய்ங்க.

பித்தளை சூட்ட புடிச்சு வெச்சுக்கும்னு எல்லாரும் சொல்றாங்க, முழுசா சரி கெடையாது. எவர்சில்வர விட பித்தளை பல மடங்கு வேகமா சூட்ட கடத்தும், அதனால ஜில்லுனு இருக்கற ஃபில்டர்ல நேரா ஊத்தினா தண்ணி சூட்ட பாத்திரமே இழுத்துகினு போயிடும், டிகாஷன் வெளுத்து எறங்கும். மொதல்ல ரெண்டு கப்பையும் கொதிக்கற தண்ணில அலசிட்டு, தொடச்சு, அப்புறம் பொடி போடுங்க. அப்படி பண்ணா தகடு கனமா இருக்கறதால சூடு நிக்குது. அடி கப்ப வெறுங்கைல தூக்க முடியாது, துணி வேணும்.

இப்ப பொடி விஷயம். எங்க ஆயா வீடு ஆரணி. ஆரணி அப்ப வடாற்காடு ஜில்லா, 1989ல பிரிச்சப்பதான் திருவண்ணாமலை பக்கம் போச்சு. பட்டுத் தறி வீடு, விடியக்காலம் தறில உக்கார்றதுக்கு முன்னாடி எல்லாருக்கும் காபி ஆவணும். ஆயா பொடி வாங்கவே மாட்டாங்க, பச்சைக் கொட்டை வாங்கி வெச்சு வாரத்துக்கு வேண்டியத மட்டும் வறுப்பாங்க. இரும்பு உருளை ஒண்ணு, நடுவுல கம்பி, கைப்பிடி, அடில கரி நெருப்பு. சுத்திகினே இருக்கணும், நிறுத்தினா ஒருபக்கம் கருகிடும். மொதல்ல பச்சை வாசன, வேகவெச்ச தானியம் மாதிரி வரும், அப்புறம் மஞ்சளாகும், கொஞ்ச நேரத்துல உள்ள படபடன்னு வெடிக்க ஆரம்பிக்கும். ஆயா கண்ணால பாக்கவே மாட்டாங்க, காதாலதான் வறுப்பாங்க. "வெடிச்சு அடங்கினதும் எறக்கிடணும்டா, இன்னும் ரவ வுட்டா கருகிப்பூடும்"னு சொல்லிகினே முறத்துல கொட்டி வீசுவாங்க, மேல ஒட்டிகினு இருக்கற மெல்லிசுத் தோல் பறக்கும். அந்த வாசன தெரு கோடி வரைக்கும் போவும். அப்புறம் பலகைல திருகி வெச்ச கைமெஷின்ல அரைக்கறது எங்க வேல, யாரு சுத்தறதுன்னு சண்டை போட்டுகினு சுத்துவோம்.

அந்த காபி ருசிக்கு காரணம் பித்தளை இல்லன்னு இப்ப உறுதியா சொல்றேன். ஒரே பொடி, ஒரே தண்ணி, பழைய எவர்சில்வர் ஃபில்டர்ல ஒண்ணு, இதுல ஒண்ணு எறக்கி வீட்ல எல்லாருக்கும் கண்ண மூடிகினு குடிக்கச் சொன்னேன், யாராலயும் பிரிச்சு சொல்ல முடியல. ஆனா பாக்கெட்ல மாசக்கணக்கா இருந்த பொடியையும் அன்னிக்கு அரைச்ச பொடியையும் மாத்தி மாத்தி போட்டேன், காபி அவ்ளோவா குடிக்காத என் பையனே ஒரு வாய்ல கண்டுபிடிச்சுட்டான்.

காரணமும் இருக்கு. வறுத்த கொட்டைக்குள்ள கார்பன் டை ஆக்சைடு வாயு தங்கி இருக்கும், அரைச்சதும் அதுவும் வாசனையும் சேந்து வெளிய போக ஆரம்பிச்சுடும், வேலூர் வெயில்ல இன்னும் சீக்கிரம். பொடி புதுசான்னு பாக்க நல்ல வழி ஒண்ணு இருக்கு. மேல் கப்புல பொடி போட்டு, குடைய வெக்காம, தள தளன்னு கொதிச்ச தண்ணிய ரெண்டு ஸ்பூன் மட்டும் சுத்தி ஊத்திட்டு குனிஞ்சு பாருங்க. புதுப் பொடின்னா மெதுவா மேல உப்பி வரும், நடுவுல சின்னச் சின்ன குமிழி வெடிச்சு வெளிர் பழுப்புல நுரை கட்டும், வாசன மூஞ்சில அடிக்கும். பழைய பொடி சேறு மாதிரி அப்படியே படிஞ்சு கெடக்கும். உப்பினது அடங்கினதும் குடைய லேசா வெச்சு, அமுக்காம, மீதி தண்ணிய ஊத்தி மூடிடுங்க. ரெண்டு பேருக்கு குவிச்சு மூணு ஸ்பூன் பொடி, ஒரு டம்ளருக்கு கொஞ்சம் கம்மியா தண்ணி, கால் மணி நேரம் தொடவே தொடாதீங்க.

எல்லாராலயும் வீட்ல வறுக்க முடியாது, ஒரு கிலோ பச்சைக் கொட்டை வறுத்தா எட்நூறு கிராம் சொச்சம்தான் நிக்கும், புகை வேற. ஆனா கண்ணெதிர்ல அரைச்சுத் தர்ற கடை நம்ம ஊர்ங்கள்ல இன்னும் இருக்கு, அங்க போய் எப்ப வறுத்ததுன்னு தைரியமா கேளுங்க. நான் பிளான்டேஷன் (கழுவி காய வெச்ச அராபிகா கொட்டை) பாதி, பீபெரி பாதி வாங்கறேன். சாதாரணமா ஒரு பழத்துல ரெண்டு தட்டைக் கொட்டை இருக்கும், பீபெரில ஒத்தக் கொட்டை உருண்டையா இருக்கும், உருளைல நல்லா உருண்டு ஒரே சீரா வறுபடும். சிக்கரி நூத்துக்கு இருபதுக்கு மேல போட விடாதீங்க. சிக்கரி ஒரு செடியோட வேரு, கெட்டியும் நெறமும் குடுக்கும், அது எனக்கும் புடிக்கும், ஆனா அளவு தாண்டினா கசப்பு மட்டும்தான் மிஞ்சும். சட்டப்படி காபி சிக்கரி கலவைல 51 சதவீதம் காபி இருந்தாலே போதும், மீதி 49 வரைக்கும் சிக்கரி போடலாம், அதனால பாக்கெட் வாங்கறவங்க பின்னாடி எழுதி இருக்கறத படிச்சுட்டு வாங்குங்க.

தண்ணி பத்தி சுருக்கமா, நம்ம போர் தண்ணி உப்பு, அதுல போட்டா நல்ல பொடியும் வீணாப் போவும், குடிதண்ணிலயே போடுங்க. பால் கறந்த பால் கெடச்சா யோகம், இல்லன்னா ஆவின் ஆரஞ்சு பாக்கெட், 6 சதவீதம் கொழுப்பு இருக்கறதால தண்ணி கலக்காம காய்ச்சினா டிகாஷனுக்கு ஈடு குடுக்குது. டிகாஷன மறுபடி அடுப்புல வெக்காதீங்க, பாலைத்தான் கொதிக்கக் கொதிக்க ஊத்தணும்.

வீட்ல ஒரு கரண்ட் காபி மெஷினும் இருக்கு, அவசரத்துக்கு நல்லாதான் இருக்கு, ஆனா அதுல எறங்கறது நெறைய தண்ணி வெச்ச டிகாஷன், நம்ம பால் காபிக்கு அந்த சாறு பத்தல. சொட்டு சொட்டா எறங்கற முதல் டிகாஷன்ல இருக்கற கெட்டி அதுல வராது.

ஒரு மார்க் ஏன் கொறச்சேன்னா, மேல் கப்புல ஓட்டைங்க ஒரே சீரா இல்ல, ஓரத்துல ரெண்டு மூணு பெருசா இருக்கு, அதனால டிகாஷன்ல கொஞ்சம் தூள் எறங்குது, அடி கப்புல கடைசி ஸ்பூன ஊத்தாம விட்டுடறேன். ஈயமும் தேயத் தேய மறுபடி பூசணும், அந்த வேலை செய்யற ஆளுங்க கொறஞ்சுகினே வர்றாங்க. இதெல்லாம் முடியாதுன்னா எவர்சில்வரே போதும், அந்தக் காசுல நல்ல கைமெஷின் ஒண்ணு வாங்குங்க. பித்தளைதான் வேணும்னா கடைல மேல் கப்ப வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் புடிச்சு ஓட்டைங்கள பாத்துட்டு, ஒரு டம்ளர் தண்ணி கேட்டு வாங்கி ஊத்துங்க, மடமடன்னு ஓடினா அத வெச்சுட்டு வேற ஒண்ணு எடுங்க.