கொடுவாக் குஞ்சுகளுக்கான மிதவைத் தீவனம்: கூண்டில் 3 மாதம் பயன்படுத்திய பின்

கடலில் மிதவைக் கூண்டுக்குள் விட்ட கொடுவாக் குஞ்சுகளுக்கு இத்தீவனத்தை மட்டுமே கொடுத்து, 15 நாட்களுக்கு ஒருமுறை மாதிரி எடை பார்த்து வந்த பிறகே இதை எழுதுகிறேன். புலால் உண்ணும் இம்மீனுக்கு ஏற்றபடி 45 விழுக்காடு புரதம் இருப்பதாக மூட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள்; குஞ்சுகள் தடையின்றி எடை கூடி வந்தன.

தீவனக் குருணை மூழ்காமல் நீர்ப்பரப்பில் நிற்பதே இதன் பெரும் நன்மை. ஒரு கைப்பிடி தூவியதும் குஞ்சுகள் வெள்ளி வயிறு பளிச்சிடப் புரண்டு வந்து கவ்வுவதையும், பசி அடங்கியதும் ஒன்றிரண்டாகக் கீழே இறங்குவதையும் கண்ணால் பார்த்து நிறுத்திக்கொள்ள முடிவதால், வலைக்கண் வழியே வீணாகும் தீவனம் வெகுவாகக் குறைகிறது. நீரோட்டம் வலுத்தால் குருணை வெளியே அடித்துச் செல்லப்படும் என்பதால், உட்புறம் நுண்வலை வளையம் கட்டுவது அவசியம்.

என் வருத்தமெல்லாம் குருணையின் அளவைப் பற்றியதுதான். ஒரே மூட்டையில் சிறியதும் பெரியதும் கலந்திருந்தன. அடியில் தூளும் தேங்கியிருந்தது. கொடுவா தன் நீளத்தில் பாதி இருக்கும் குஞ்சையும் விழுங்கிவிடும் மீன் என்பதால், வாய்க்கு ஏற்ற குருணை கிடைக்காமல் வளர்ச்சியில் பின்தங்கும் குஞ்சு அடுத்ததற்கே இரையாகிறது. முதல் மாதத்தில் அப்படிச் சிலவற்றை இழந்தேன். பிறகு குருணையைச் சலித்து, குஞ்சுகளையும் அளவு வாரியாகப் பிரித்து வெவ்வேறு கூண்டுகளில் விட்டதும் இழப்பு நின்றது. சலிக்கும் வேலையை வாங்குபவரிடம் தள்ளாமல் தயாரிப்பாளரே செய்து அனுப்பினால், வளர்ந்த மீனுக்கான அடுத்த அளவையும் தயங்காமல் இவர்களிடமே வாங்குவேன்.