டக்ஸ்ஃபோர்டு ஏர் ஷோ ‘போட்டோகிராஃபர் பேக்கேஜ்’: பணம் கட்டுமுன் படியுங்கள்

லண்டன் தமிழ் கேமரா குழுக்களின் வாட்ஸப்பில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. கேம்பிரிட்ஜ் அருகே, விமான அருங்காட்சியகமும் ஓடுதளமும் உள்ள டக்ஸ்ஃபோர்டில் நடக்கும் ஏர் ஷோவுக்குத் தலைக்கு 165 பவுண்டு. கோச் பஸ் பயணம், காலையில் ஃப்ளைட்லைனில் (பறக்கவிருக்கும் விமானங்கள் வரிசையாக நிற்கும் இடம்) விமானங்களின் பக்கத்திலேயே நடை, மதியம் சூரியனை முதுகில் வைத்துப் படமெடுக்கத் தனி மேடை, 150-600 மில்லிமீட்டர் லென்ஸ் வாடகை, இரண்டாம் உலகப்போர் குண்டுவீச்சு விமானமான லான்காஸ்டர் பறப்பது உறுதி. எங்கள் குழுவில் பலர் கட்டினார்கள். கைக்கு வந்தது, யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய பொது நுழைவுச்சீட்டின் பிடிஎஃப். கோச் வாசலை அடைந்தபோது பகல் ஒரு மணி. ஃப்ளைட்லைன் நடை முடிந்திருந்தது. மேடை இல்லவே இல்லை. லென்ஸ் 70-300, அதுவும் கேனான் மவுண்ட். நிக்கான், சோனி வைத்திருந்தவர்களுக்கு அது வெறும் சுமை. பணத்தைத் திருப்பிக் கேட்டால், ‘வானிலை எங்கள் கையில் இல்லை’ என்ற ஒரே பதில். அன்று வானிலையில் ஒரு குறையும் இல்லை.

இந்த விளம்பரத்தின் பொய் அதிலேயே இருக்கிறது. டக்ஸ்ஃபோர்டின் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். வடக்கே ஏ505 சாலை, அடுத்து ஹேங்கர்கள், அவற்றுக்குத் தெற்கே ஓடுதளம். பார்வையாளர்கள் நிற்பது ஓடுதளத்தின் வடக்குப் பக்கம், பார்ப்பது தெற்கே. பிரிட்டனின் கோடை நேரப்படி பகல் 1 மணி வாக்கில் சூரியன் நேர் தெற்கே வரும். விமானங்கள் பறப்பதோ பெரும்பாலும் மதியத்துக்கு மேல். ஆகவே கூட்டத்துக்கான பகுதியில் எங்கே நின்றாலும் வெளிச்சம் முகத்தில்தான் அடிக்கும். அந்த நேரத்தில் ‘சூரியன் முதுகில்’ என்று விற்பவர் அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை, அல்லது தெரிந்தே ஏமாற்றுகிறார்.

லான்காஸ்டர் உறுதிமொழியும் அப்படித்தான். உலகில் பறக்கும் நிலையில் பராமரிக்கப்படும் லான்காஸ்டர்கள் இரண்டு. ஒன்று லிங்கன்ஷரின் கானிங்ஸ்பி விமானப்படைத் தளத்தில், மற்றது கனடாவின் ஹாமில்டனில். பக்கவாட்டுக் காற்று கொஞ்சம் கூடினாலும், எஞ்சினில் சிறு கோளாறு வந்தாலும் லான்காஸ்டர் புறப்படாது. அமைப்பாளர்களே ‘மாறுதலுக்கு உட்பட்டது’ என்று போடும்போது, நடுவில் நிற்கும் ஒருவர் எதை வைத்து உறுதி தருகிறார்? துணி போர்த்திய இறக்கையும் மர ப்ரொப்பெல்லரும் உள்ள டைகர் மாத் போன்ற பழைய பயிற்சி விமானங்களும் மழையில் பறப்பதில்லை. மழைத்துளி மரவிளிம்பை அரித்துவிடும்.

ஃப்ளைட்லைன் நடைக்கு அமைப்பாளர்களே தனிச்சீட்டு விற்கும் காட்சிகள் உண்டு. பறப்பதற்கு முன், காலையிலேயே அது முடிந்துவிடும். யாராவது அதை விற்றால், உங்கள் சீட்டில் அந்த வார்த்தையும் நேரமும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் வாங்காதீர்கள். அங்கே 600 மில்லிமீட்டர் லென்ஸால் பயன் இல்லை. இரண்டாம் உலகப்போர் சண்டை விமானமான ஸ்பிட்ஃபயரின் நீளம் 9 மீட்டர் சொச்சம்; பக்கத்தில் நின்று முழுதாக எடுக்க 24-70 போதும். நடைக்கும் பறத்தலுக்கும் ஒரே லென்ஸைக் காட்டி விற்பதும் சந்தேகப்பட வேண்டிய விஷயம்.

பறக்கும்போது நீளமான லென்ஸ் வேண்டும்தான். விமானம் 250 மீட்டர் தள்ளிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 400 மில்லிமீட்டருக்கு ஸ்பிட்ஃபயர் படத்தின் அகலத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் வரும். 300-க்கு 30 சதவீதம். ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) கேமராவில் அதே 400 சுமார் 60 சதவீதம் தரும். கையில் அந்த கேமராவும் 100-400 லென்ஸும் இருந்தால் வாடகைக்கு எடுக்கவே தேவையில்லை.

பேக்கேஜோடு வந்த ‘வழிகாட்டி’ எல்லோரையும் ஷட்டரை 1/2000 நொடியில் வைக்கச் சொன்னார். இது பணத்தைவிடப் பெரிய நஷ்டம். ப்ரொப்பெல்லர் அப்படியே உறைந்து, விமானம் நூலில் கட்டித் தொங்கவிட்ட பொம்மைபோல் ஆகிவிடும். ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சின் 2,400 சுற்றில் ஓடினால், கியர் குறைப்புக்குப் பிறகு ப்ரொப்பெல்லர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,150 சுற்று. 1/2000-இல் ஒரு இதழ் மூன்றரை டிகிரிகூட நகராது. 1/200-இல் 34 டிகிரி நகரும், சுழல்வது அழகாகத் தெரியும். 1/320-இல் தொடங்கி, கை பழகப் பழக 1/160 வரை இறங்குங்கள். தரையில் ஊர்ந்து வரும்போது சுற்று குறைவு, 1/60 வேண்டும். ஜெட்டுக்கு மட்டும் 1/1000 அல்லது அதைவிட வேகம். எதிர்வெளிச்சத்தில் அடிப்பகுதி கறுத்துப்போகும், எக்ஸ்போஷரை +0.7 முதல் +1.3 வரை ஏற்றி, பிறகு திருத்த வசதியான ரா ஃபைலாக எடுங்கள்.

நிற்க நல்ல இடம் மேற்கு முனை, அமெரிக்க விமான அருங்காட்சியகத்தின் பக்கம். மாலை 4 மணிக்கு மேல் சூரியன் மேற்கே சாய்ந்துவிடும். அங்கிருந்து இடப்பக்கம், கிழக்கு நோக்கி எடுத்தால் வரும் விமானத்தின் முகத்தில் வெளிச்சம் விழும். உங்களைத் தாண்டுவதற்குள் எடுத்துவிட வேண்டும், தாண்டினால் நிழலுருவம்தான். பொதுச்சீட்டிலேயே இவ்வளவும் கிடைக்கும். சீட்டை டக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் நேரடியாக முன்பதிவு செய்யுங்கள். ரயில் என்றால் லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து விட்டில்ஸ்ஃபோர்டு பார்க்வே. அங்கிருந்து இரண்டு மைல்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்களுக்கு: விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட், வாட்ஸப் உரையாடல், கிடைத்த சீட்டின் படம் மூன்றையும் இன்றே சேமியுங்கள், குழுவிலிருந்து அழிக்கப்படும் முன். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வாங்கும் முடிவுக்குக் காரணமாக இருந்த வாக்குறுதி ஒப்பந்தத்தின் பகுதி. அதை எழுத்தில் சுட்டிப் பணம் கேளுங்கள். விற்பவருக்கே கிரெடிட் கார்டில் நேரடியாகக் கட்டியிருந்தால், ஒரு பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் என்பதால் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் கார்டு நிறுவனத்திடமே கோரலாம். டெபிட் கார்டுக்கு வங்கியிடம் ‘சார்ஜ்பேக்’ (விற்றவரிடமிருந்து பணத்தைத் திரும்பப் பெற்றுத் தருவது) கேளுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு, தாமதிக்காதீர்கள். வங்கிப் பரிமாற்றமாக அனுப்பியவர்கள் நிலைதான் கடினம். சேவை மோசம் என்று மட்டும் சொன்னால் வங்கி அதை வியாபாரத் தகராறு என்று ஒதுக்கிவிடும். இல்லாத மேடையை விற்றார்கள் என்பதை வரைபடத்தோடு சேர்த்து மோசடிப் புகாராகவே கொடுங்கள்.