டன்லப் ஸ்திரீட் பார்சல் கடை: ஐந்தில் நான்கு நட்சத்திரம்

மலிவான இடம் தேடுகிறவர்களுக்கு இந்தக் கடை சரிப்படாது. சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் உள்ள டன்லப் ஸ்திரீட்டில், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வாசலுக்கு வெளியே ஐந்தடிப்பாதையில் காத்திருக்க வேண்டிய சின்னக் கடை. பெரிய கூரியர் நிறுவனங்களுக்கு முகவராக இருக்கிறது. தஞ்சாவூரில் உள்ள தங்கை வீட்டுக்கும் பெர்த்தில் உள்ள மகனுக்கும் நான் அனுப்புவதெல்லாம் இங்கிருந்துதான். காரணம், இவர்கள் அளக்கும் விதம். கிடங்கில் சரக்குக் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அளவில் அலட்சியமாக இருப்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

"மூன்று கிலோ இருக்கும், எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். அங்கே இருக்கும் தம்பி பேனாவையே எடுக்கமாட்டார். பெட்டி முதலில் தராசில் ஏற வேண்டும். தராசில் சரிபார்ப்பு முத்திரை ஒட்டியிருக்கிறது; எடை காட்டும் பக்கம் வாடிக்கையாளரை நோக்கியிருக்கிறது. அடுத்து அளவுநாடா. இதில்தான் மற்ற கடைகள் கோட்டை விடுகின்றன. பெட்டியில் அச்சடித்த அளவைப் பார்த்து அப்படியே எழுதிவிடுவார்கள். இவரோ ஒட்டி முடித்த பெட்டியை, எங்கே அதிகம் உப்பியிருக்கிறதோ அங்கே அளக்கிறார். கூரியர் நிறுவனத்தின் அளவு இயந்திரமும் அந்த உப்பலைத்தான் பார்க்கும்.

விமானத்தில் போகும் பார்சலுக்கு எடையோடு அது அடைக்கும் இடமும் கணக்கு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பது கூரியர் நிறுவனங்களின் பொதுவான வழக்கம். அந்த விடைக்கும் உண்மை எடைக்கும் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். பேத்திக்கு ஒரு கரடிப் பொம்மையும் பஞ்சடைத்த போர்வையும் அனுப்பப் போனபோது, பெட்டி 60, 40, 40 சென்டிமீட்டர். தராசு காட்டியது ஆறு கிலோ; கணக்கில் வந்தது 19.2 கிலோ! தம்பி உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டு, "ஐயா, மேலே பாதி காற்றுதான் இருக்கிறது, குறைத்துவிடலாமா?" என்று கேட்டார். நான்கு மூலைகளையும் கத்தியால் கீறி, பக்கங்களை மடக்கி, உயரத்தை 25 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தார். கணக்கு 12 கிலோவாக இறங்கியது. அவருக்கு அதில் தரகு குறைந்திருக்கும்; முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அந்த அளவுப் பெட்டியில் உயரம் ஒரு சென்டிமீட்டர் ஏறினால் ஏறத்தாழ அரைக் கிலோ ஏறும். மூடி பிதுங்க அமுக்கி ஒட்டுகிறவர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பித்தளைக் குத்துவிளக்கு போன்றவற்றுக்கு இந்தக் கவலை இல்லை. 30, 20, 20 பெட்டியில் ஏழு கிலோ விளக்கு என்றால் கட்டணம் ஏழு கிலோவுக்குத்தான்.

ஒட்டி முடித்ததும் அளவுநாடாவைப் பெட்டிமேல் வைத்தபடி படம் எடுத்து நம் கைப்பேசிக்கும் அனுப்பிவிடுகிறார். வீண் வேலை என்று முதலில் நினைத்தேன். பிறகு ஒரு கூரியர் நிறுவனம் (பெயர் வேண்டாம்) என் பெட்டி சொன்னதைவிடப் பெரியது என்று கூடுதல் கட்டணம் கேட்டு எழுதியது. எங்கே, எப்படி அளந்தார்கள் என்பதற்கு ஒரு வரி விளக்கம்கூட இல்லை. கடையில் எடுத்த படங்களையும் ரசீதையும் அனுப்பியதும் கட்டணத்தை விலக்கிக்கொண்டார்கள். மன்னிப்பு மட்டும் வரவில்லை.

உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் எழுதுவார். 'அன்பளிப்பு' என்று எழுதினால் வரி இல்லை என்ற நம்பிக்கை தேக்காவில் இன்னும் உலவுகிறது. ராக்கிக் கயிறு, உயிர்காக்கும் மருந்து தவிர மற்றவற்றை அன்பளிப்பு என்ற பெயரில் அஞ்சலிலோ கூரியரிலோ வரியில்லாமல் இறக்குமதி செய்வதை இந்தியா 2019 டிசம்பரிலேயே நிறுத்திவிட்டது. இதைச் சொன்னதற்கு என் முன்னால் நின்ற ஒருவர் தம்பியோடு சண்டைக்கே போனார். தம்பி மதிப்பைக் குறைத்து எழுத மறுத்துவிட்டார். சண்டைக்குப் போனவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார்.

குறைகள் உண்டு. ஒருவருக்கே அரை மணி நேரம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் போகாதீர்கள். ஊருக்குப் பெட்டி அனுப்பும் தொழிலாளத் தம்பிகளின் வரிசை பக்கத்துக் கடை வாசல்வரை நீளும், மின்விசிறியோ ஒன்றுதான். அட்டைப்பெட்டி விலை அநியாயம். வீட்டிலிருந்து பழைய பெட்டி கொண்டுபோனால் மறுக்கமாட்டார்கள், ஆனால் ஒட்டுநாடாவுக்குத் தனியாக இரண்டு வெள்ளி (டாலர்) வாங்கிவிடுவார்கள். பிடித்துக்கொண்ட அந்த ஒரு நட்சத்திரம் ஒட்டுநாடாவுக்கானது.