ஹெட்லைட்டை மூடும் கறுப்புப் பட்டை: ஒரு மழைக்காலம் கடந்த பின்

காரின் ஹெட்லைட்டை வீட்டிலேயே பிரித்து, உள்ளிருக்கும் குரோம் சட்டத்துக்குக் கறுப்பு அடிக்க விரும்புகிறவர்கள் என்னிடம் கேட்பது எந்த பெயின்ட், எந்த பல்பு என்பதைத்தான். திரும்ப எதைக் கொண்டு மூடினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. அந்த வேலை எத்தனை நாள் நிற்கும் என்பதை முடிவு செய்வது மூடும் பொருள்தான். ஆகவே, சென்ற ஆகஸ்டில் வாங்கிய பியூட்டைல் சீலன்ட் பட்டை (இடுக்கை ஒட்டி அடைக்கும் ரப்பர்ப் பசை) வடகிழக்குப் பருவமழையைத் தாங்கியபின் அதைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில் இருக்கிறது. கார் தெருவில்தான் நிற்கும்; வெயிலும் கடற்காற்றின் உப்பும் ஆண்டு முழுவதும் அதன் முகத்தில்தான் படும். சில ஆண்டுகளுக்கு முன் முதல் முறையாக டூமை, அதாவது ஹெட்லைட்டின் முழுக் கூட்டை, திறந்தபோது, ஜன்னல் கண்ணாடிக்குப் போடுகிற சாதாரண சிலிகான் டியூபை ஹார்டுவேர் கடையில் வாங்கி ஒட்டினேன். காயும்போது வினிகர் வாடை அடிக்கிற வகை அது. அந்த வாடை அசெட்டிக் அமிலத்துடையது. மூடிய விளக்குக்குள் அந்த ஆவி தங்கினால் கண்ணாடியின் உட்புறத்தில் பால்போல் படலம் கட்டும், ரிஃப்ளெக்டரின் மெல்லிய அலுமினியப் பூச்சும் அரிக்கும். எனக்கு இரண்டுமே நடந்தன. அந்த நவம்பரில் விளக்கின் அடியில் தண்ணீரும் தேங்கியது. அதைவிடப் பெரிய துன்பம், காய்ந்த சிலிகானைக் கத்தியால் சுரண்டி எடுத்ததுதான். அது படிந்த இடத்தில் வேறு எதுவும் ஒட்டாது என்பதால் இரண்டு மாலைகள் முழுவதும் அதற்கே போயின.

பியூட்டைல் அப்படிப்பட்டதன்று. அது காய்ந்து இறுகுவதே இல்லை. சூட்டில் இளகும், ஆறினால் கெட்டிப்படும், மறுபடி சுட்டால் மறுபடி இளகும். அதனால்தான் அதைக் கொண்டு ஒட்டிய விளக்கை எத்தனை முறை வேண்டுமானாலும் பழுதில்லாமல் திறக்கலாம். காற்றை எளிதில் கசியவிடாத ரப்பர் என்பதால் டயருக்குள் போடும் டியூபையும் பெரும்பாலும் இதில்தான் செய்கிறார்கள். நான் வாங்கியது விரல் தடிமனில் பாதிகூட இல்லாத கறுப்புக் கயிறு, மெழுகுத்தாளோடு சுருட்டப்பட்டது.

திறப்பதற்கு, ஓர் அட்டைப்பெட்டிக்குள் டூமை வைத்து, பக்கத்துத் துளை வழியாக ஹீட் கன் ஊதும் சூடான காற்றைச் செலுத்தி, உள்ளே வெப்பமானி 100 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். பல்பு, ரப்பர் மூடி, ஓரத்துத் திருகாணிகள் எல்லாவற்றையும் முன்பே கழற்றிவிட வேண்டும். பெட்டியை விட்டு ஒரு நிமிடம்கூட நகரக் கூடாது. கண்ணாடி என்று நாம் சொல்வது உண்மையில் பாலிகார்பனேட். ஏறக்குறைய 147 டிகிரியில் அது இளகத் தொடங்கும் என்பதால் அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டுவது ஆபத்து. பத்து நிமிடம் கழித்து மூலையில் தட்டையான பிளாஸ்டிக் நெம்புகோலை நுழைத்து மெல்லத் தூக்கினால், பழைய பசை கறுப்பு நூல்களாக இழுபட்டுக்கொண்டே விடும். அந்த நூல் ரிஃப்ளெக்டர் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்துவிட்டால் துணியால் துடைக்காதீர்கள், பூச்சு துணியோடு வந்துவிடும். கண்ணாடியைத் துடைக்க பெட்ரோலோ தின்னரோ கூடாது, நுண்விரிசல் விடும். நான் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பயன்படுத்தினேன். பெயின்ட் அடித்த சட்டத்தை இரண்டு நாள் வெளியிலேயே நன்றாகக் காயவிட்டேன்.

பட்டையின் உண்மையான தரம் மூடும்போதுதான் தெரிந்தது. சுத்தம் செய்த பள்ளத்தில் அதை இழுக்காமல் படுக்க வைத்து, இரு முனைகளையும் ஒரு சென்டிமீட்டர் மேலுக்கு மேல் வைத்துக் கிள்ளி ஒன்றாக்கி, பெட்டிக்குள் மீண்டும் சுட்டுக் கண்ணாடியை அழுத்தியபோது, சுற்றிலும் ஒரே அளவில் மெல்லிய கறுப்பு வரம்பு பிதுங்கி வந்தது. தெருமுனைப் பஞ்சர் கடைத் தம்பி அதைப் பார்த்துவிட்டு, “அண்ணே, டியூப்ப பாக்குற மாதிரியே இதையும் பாத்துடலாம், குடுங்க” என்றார். கம்ப்ரஸர் காற்றை விளக்கு தாங்காது என்பதால், பின்புறக் காற்றுத் துளைகளில் ஒன்றைத் தவிர மற்றவற்றை டேப்பால் அடைத்து, அந்த ஒன்றில் சிறு குழாயைச் செருகி நான் வாயால் ஊத, அவர் விளிம்பு முழுவதும் சோப்பு நுரையைத் தடவிக்கொண்டே வந்தார். இண்டிகேட்டர் பக்கத்து மூலையில் கடுகளவு இரண்டு குமிழிகள் எழுந்தன. அந்த இடத்தை மட்டும் மறுபடி சுட்டு அழுத்தியதும் நின்றுவிட்டன. சிலிகானாக இருந்திருந்தால் இந்தத் திருத்தத்துக்கே வழியில்லை.

குறைகளும் இருக்கின்றன. ஐந்து மீட்டர் என்று அச்சிட்டிருந்த சுருள், அளந்தபோது 4.6 மீட்டர்தான் இருந்தது. நம் ஊர்ச் சூட்டில் மெழுகுத்தாள் பட்டையோடு ஒட்டிக்கொண்டு கிழிந்தது. வேலைக்கு முன் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தபின் சுலபமாக உரிந்தது. என் டூமின் பள்ளம் ஆழமானது என்பதால் கீழ்ப்பகுதியில் இரட்டையாக வைக்க நேர்ந்தது, இரண்டாவது விளக்குக்கு ஒரு சாண் பற்றாமல் போனது. செய்முறைத் தாளில் வெப்பநிலை ஃபாரன்ஹீட்டில் மட்டுமே இருந்ததும் தவறு. 212 என்பதை செல்சியஸாக எண்ணி யாராவது சுட்டால் டூமே உருகிவிடும்.

பல்பையும் ரிஃப்ளெக்டரையும் நான் மாற்றவில்லை. ஹை பீம், லோ பீம் இரண்டும் தரும் 60/55 வாட் ஹெச்4 ஹாலஜன் பல்புக்காக வடிவமைத்த ரிஃப்ளெக்டரில் கண்ட எல்இடியைச் செருகினால் ஒளி சிதறி எதிரே வருபவரின் கண்ணைப் பறிக்கும். எண்ணூர் விரைவுச் சாலையில் இரவில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கில் வருகிறவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதியற்ற மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமும் உண்டு. புரொஜெக்டர் (லென்ஸ் வழியே ஒளியைக் குவிக்கும் விளக்கு) பொருத்தியே தீர வேண்டும் என்போர், சுவரில் விழும் அதன் ஒளியின் மேல்விளிம்புக் கோடு இடப்பக்கம் உயர்கிறதா என்றாவது பாருங்கள். வலப்பக்கம் உயர்ந்தால் அது வலப்புறம் ஓட்டும் நாடுகளுக்கானது.

டூமைக் கழற்றும் முன்பே ஒளி விழும் இடத்தைச் சுவரில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்வது நல்லது. எங்கள் தெருவில் அதற்கு இடமில்லை என்பதால் ஞாயிறு இரவில் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கிடங்குச் சுவரைத் தேடிப் போனேன். பத்து மீட்டர் தூரத்தில் லோ பீமின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்தைவிடப் பத்து சென்டிமீட்டர் கீழே விழும்படி, திரும்ப மாட்டியபின் சரிசெய்தேன்.

மழைக்காலத்தில் இரண்டு காலைகளில் மட்டும் இடது கண்ணாடியின் ஓரத்தில் மெல்லிய ஆவி படர்ந்து, விளக்கைப் போட்ட பத்து நிமிடத்தில் காற்றுத் துளை வழியே மறைந்தது; துளியாகத் தண்ணீர் ஒரு நாளும் சேரவில்லை. பட்டையை வாங்குவோர், ஒரு ஜோடி விளக்குக்கு ஒரு சுருள் போதும் என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பாமல் இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள்.